காலத்திற்கு ஓர் இலக்கணம்



திருமணம் நிகழும் வீடொன்றை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். முகூர்த்த வேளை பஞ்சாங்கம் பார்த்து முன்னரே வகுக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கடிகாரம் சான்று. சடங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக முறைப்படி நடைபெறுகின்றன. நாதசுவரமும் தவிலும் ஒருங்கே ஒலிக்கின்றன. ஆயின், கெட்டிமேளம் எப்பொழுது முழங்குகின்றது? அதனைக் கடிகாரம் சொல்வதில்லை. மணமகன் மங்கல நாணைக் கழுத்திற் பூட்டும் கணத்திலே, குருக்கள் கைகாட்ட, மேளம் முழங்குகின்றது. தாலி கட்டுதல் இரண்டு நிமிடம் தாமதித்தால் மேளமும் இரண்டு நிமிடம் தாமதிக்கும். அதனைப் பிழையென்று எவரும் கொள்ளார்.

ஒன்றன்பின் ஒன்றாக வருதல், ஒன்றோடொன்று கூடி நிகழ்தல், ஒன்று நிகழ்ந்தமை பற்றி மற்றொன்று தொடங்குதல் என்று காலத்திலே நிகழ்பவற்றுக்கிடையே உள்ள உறவுகளைப் பெரும்பாலும் இம்மூன்றனுள் அடக்கிவிடலாம். இவ்வுறவுகளை எழுத்திலே பொறித்துவைக்கவும், அவ்வெழுத்தைக் கணினி படித்து ஒலியையும் ஒளியையும் எழுத்தையும் அம்முறைப்படி நிகழ்த்தவும் ஒரு மொழி வகுக்கப்பட்டது. அதனைப்பற்றியே இன்று உங்களுடன் பேச விழைகின்றேன். ஒத்தியங்கும் பல்லூடக ஒருங்கிணைப்பு மொழி என்பது அதன் நீண்ட பெயரின் பொருள். ஆங்கிலப் பெயரின் தலையெழுத்துக்களை ஒன்றாகக் கூட்டி 'ஸ்மைல்' என்று அழைப்பர். ஆங்கிலத்திலே புன்னகைக்கு வழங்கும் சொல்லும் இவ்வாறே ஒலிப்பதாகும்.

இம்மொழியின் அருமையை உணர்தற்கு, இது தோன்றுவதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்னே பேசும்படத் துறையினர் பட்ட பாட்டை ஒருகால் நோக்குதல் வேண்டும். 1926 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வோணர் சகோதரர் நிறுவனம் 'வைற்றாபோன்' என்னும் முறையைக் கையாண்டு படங்களை வெளியிடத் தொடங்கியது. 1927 இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'த ஜாஸ் சிங்கர்' என்னும் படமும் அம்முறையிலே அமைந்ததே. அதிலே படம் படச்சுருளில் இருந்தது. குரலோ தனியே ஓர் இசைத்தட்டில் இருந்தது. ஆயிரம் அடிச் சுருளொன்று ஏறக்குறையப் பதினொரு நிமிடம் ஓடும். அதற்கு ஈடாக நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்குச் சற்று மேலாகச் சுழலும் பெரிய இசைத்தட்டொன்று. சுருளையும் தட்டையும் ஒரே பொறி சுழற்றியது. தொடக்கக் குறிகள் இரண்டையும் சரியாகப் பொருத்திவிட்டால், உதடு அசைய ஒலி பிறக்கும்.

ஆனால், சுருள் இடையிலே அறுந்துபோவதுண்டு. அறுந்த இடத்தை வெட்டி ஒட்டும்போது சில படங்கள் கழிந்துபோகும். இசைத்தட்டோ எதனையும் இழப்பதில்லை. அவ்விடத்திலிருந்து படம் முந்தும், குரல் பிந்தும். கதாநாயகன் வாய்மூடிய பின்னர் அவன் பேச்சுக் கேட்கும்! ஆதலின், எத்தனை படங்கள் கழிந்தனவோ அத்தனை வெறும் கறுப்புப் படங்களை இடையிலே ஒட்டிச் சேர்க்க நேர்ந்தது. சில ஆண்டுகளுள் இம்முறை கைவிடப்பட்டது. ஒலியையும் படச்சுருளின் ஓரத்திலேயே அச்சிட்டனர். அறுந்தால் இரண்டும் ஒன்றாக அறும். ஒட்டினால் இரண்டும் ஒன்றாக ஒட்டும். ஒத்தியக்கச் சிக்கல் அவ்வளவில் தீர்ந்தது.

தீர்ந்ததற்கு ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது. ஒரே நாடாவில் யாவும் இறுகிப்போயின. குரலை வேறு மொழியில் மாற்ற வேண்டுமாயின், புதிய பிரதியொன்று ஆக்குதல் வேண்டும். ஒரு காட்சியை நீட்டவோ குறுக்கவோ வேண்டுமாயினும் அவ்வாறே. பார்ப்பவர் விரும்பும் இடத்துக்குத் தாவுதற்கும் வழியில்லை. பிற்காலத்தில் வந்த ஒளிநாடாவும் பெரும்பாலும் இவ்வியல்பினதே.

இனி இணையத்துக்கு வருவோம். உலகளாவிய வலையை ஆக்கிய ரிம் பேர்னர்ஸ்-லீ என்பார், அதற்குரிய பொது விதிகளை வகுத்தற்பொருட்டு 1994 ஆம் ஆண்டில் வலைக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவினார். வலைப்பக்கங்களை எழுதும் எச்.ரி.எம்.எல். என்னும் மொழி அப்பொழுது வழக்கிற்கு வந்துவிட்டது. இது தலைப்பு, இது பந்தி, இஃது படம் என்று அம்மொழி குறிக்கும். பக்கத்தின் அமைப்பை அது சொல்லியது. காலத்தைப்பற்றி யாதும் சொல்லவில்லை. இப்படம் ஐந்து செக்கன் நிற்கட்டும், பின்னர் அக்குரல் தொடங்கட்டும் என்று கூறுதற்கு அதிலே சொல் இருக்கவில்லை. அச்சிட்ட தாளைப் போன்றதே அன்றைய வலைப்பக்கம். தாளுக்கு நீளமும் அகலமும் உண்டு, நாழிகை இல்லை.

மற்றுமொரு இடர்ப்பாடும் இருந்தது. அந்நாளிலே வீடுகளுக்கு இணையம் தொலைபேசிக் கம்பி வழியே வந்தது. செக்கனுக்கு 28.8 கிலோபிற் என்பது பலரிடம் இருந்த கருவியின் வேகம். எழுத்துக்கணக்கிற் சொன்னால், ஒரு செக்கனில் ஏறக்குறைய மூவாயிரத்து அறுநூறு ஆங்கில எழுத்துக்களே வந்துசேரும். இத்துணை ஒடுங்கிய வாய்க்காலில் ஒளிப்படச் சுருளை அனுப்புதல் எளிதன்று. ஆனால், பத்துப் படங்களுடன் கூடிய ஐந்து நிமிட விரிவுரை ஒன்றுக்குச் சுருள் எதற்கு? குரலைத் தனியே அனுப்பலாம். பத்துப் படங்களையும் தனித்தனியே அனுப்பலாம். எந்தப் படம் எப்பொழுது தோன்றவேண்டும் என்பதை ஒரு சிறு குறிப்பில் எழுதி உடன் அனுப்பலாம். அக்குறிப்பை எழுதுதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட மொழி ஒன்றே குறைவாக இருந்தது.

அதற்கான சிந்தனை ஏற்கெனவே அரும்பியிருந்தது. நெதர்லாந்தின் தலைநகரிலுள்ள கணித, கணினி ஆய்வு நிலையத்தில் டிக் புல்ற்றர்மன் என்பாரும் அவருடன் உழைத்தோரும், ஊடகங்களின் கால உறவுகளை ஓர் ஆவணமாக எழுதிவைக்கும் முறையை 1991 ஆம் ஆண்டிலேயே கட்டுரையொன்றில் விளக்கினர். பின்னாளில் 'பைதன்' என்னும் கணினி மொழியால் உலகப் புகழ் எய்திய கிடோ வான் றொசம் அக்கட்டுரையின் ஆசிரியருள் ஒருவர். இத்தகைய முன்முயற்சிகளின் பயனாக, வலைக் கூட்டமைப்பு 1998 ஆம் ஆண்டு யூன் 15 ஆம் நாள் ஸ்மைல் மொழியின் முதற்பதிப்பைத் தன் பரிந்துரையாக வெளியிட்டது. இரண்டாம் பதிப்பு 2001 ஆம் ஆண்டிலும், மூன்றாம் பதிப்பு 2008 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

நேயர்களே, இம்மொழியின் உள்ளமைப்பைச் சற்று விளக்குவேன். குயிலைப்பற்றிச் சிறுவர்க்கு ஒரு பாடம் அமைப்பதாகக் கொள்வோம். முதலிலே தலைப்பு. அடுத்துக் குயிலின் படம். அதனோடு ஆசிரியரின் குரல். ஆசிரியர் பேசி முடித்தவுடன் குயிலின் கூவல். இவ்வளவே பாடம்.

இதனை எழுதுதற்கு இரண்டு சொற்கள் போதும். ஒன்று 'சீக்', தொடர்ச்சி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் தலைப்பகுதி. அதனுள்ளே வைத்தவை ஒன்றன்பின் ஒன்றாக நிகழும். மற்றது 'பார்', இணையாதல் என்று பொருள்படும் சொல்லின் தலைப்பகுதி. அதனுள்ளே வைத்தவை ஒருங்கே நிகழும். படத்தையும் குரலையும் ஒரு பாருக்குள் வைத்து, தலைப்பையும் அந்தப் பாரையும் கூவலையும் ஒரு சீக்குக்குள் வைத்துவிட்டால் பாடம் ஆயிற்று. பெட்டிக்குள் பெட்டி வைப்பதுபோல ஒன்றனுள் ஒன்றை எத்துணை ஆழத்துக்கும் அடுக்கலாம். இரண்டாம் பதிப்பிலே மூன்றாவது சொல் ஒன்றும் சேர்ந்தது. அதனுள் வைத்தவற்றுள் எக்கணத்திலும் ஒன்றே நிகழலாம். ஒன்று தொடங்கினால் மற்றொன்று ஒதுங்கி நிற்கும், அல்லது நின்றுவிடும். அவையிலே பெரியவர் பேசத் தொடங்க மற்றையோர் அடங்குதல் போன்றது அது.

இங்கே ஒரு நுட்பம் கவனித்தற்குரியது. ஆசிரியரின் குரல் எத்தனை செக்கன் நீளும் என்று மேற்கண்ட குறிப்பில் எங்கும் எழுதவில்லை. நாற்பது செக்கன் பேசினால் நாற்பதாவது செக்கனில் குயில் கூவும். நாளைக்கு வேறோர் ஆசிரியர் அதே பாடத்தை ஐம்பது செக்கனில் பேசிப் பதிவுசெய்தால், ஒரு சொல்லையும் மாற்றாமலே ஐம்பதாவது செக்கனில் குயில் கூவும். எண்ணை எழுதாமல் உறவை எழுதியமையால் வந்த நன்மை இது. கெட்டிமேளம் தாலியைப் பார்த்து முழங்குவதுபோலக் கூவல் குரலைப் பார்த்துத் தொடங்குகின்றது. எண் வேண்டுமாயின் அதற்கும் இடமுண்டு. மூன்று செக்கன் கழித்துத் தொடங்குக, ஐந்து செக்கன் நிற்க, இருமுறை நிகழ்க என்றெல்லாம் எழுதலாம். கேட்பவர் ஒரு பொத்தானை அழுத்தும்போது தொடங்குக என்றும் எழுதலாம்.

குரலையும் படத்தையும் குறிப்பையும் வேறுவேறாக வைத்தமையால் இன்னொரு வசதியும் கிடைத்தது. ஒரே பாடத்துக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மூன்று குரற்பதிவுகள் ஆயத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'தேர்க' என்னும் கட்டளையின்கீழ் மூன்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மொழிக்குறியை இட்டுவிட்டால், கேட்பவரின் கருவி தனக்குரிய மொழியைத் தானே தெரிந்துகொள்ளும். படங்கள் மூவர்க்கும் பொது. இணைப்பு ஒடுங்கியதாயின் சிறிய படத்தையும், அகன்றதாயின் பெரிய படத்தையும் எடுத்துக்கொள்க என்று கூறவும் இயலும். காது கேளாதார் பார்க்கும்போது குரலின் வாசகத்தைத் திரையிலே காட்டுக என்றும் கூற இயலும். ஒரே நாடாவில் இறுகிக் கிடந்தபோது இவையாவும் எட்டாக் கனிகளாய் இருந்தன.

ஒன்று கேட்கலாம். வைற்றாபோன் முறையிலே குரலும் படமும் பிரிந்திருந்தமையாலன்றோ அத்தனை தொல்லை வந்தது? மீண்டும் பிரித்தால் தொல்லையும் மீளுமே! உண்மைதான். இணையத்தில் எதுவும் சீராக வந்து சேர்வதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். இதனைக் கருதியே இரண்டாம் பதிப்பில் விதிகள் சேர்க்கப்பட்டன. எவை இம்மியும் பிசகாது பூட்டியபடி செல்லவேண்டும், எவை சற்று நழுவினும் தாழ்வில்லை, எவை தம்போக்கிற் செல்லலாம் என்று ஆசிரியரே குறிப்பிடலாம். பேசுபவரின் முகமும் குரலும் பூட்டப்படவேண்டியவை. பின்னணி இசை சற்று நழுவினும் எவரும் அறியார். அன்றைய படக்கொட்டகையில் வெறும் படங்களை ஒட்டிச் சரிசெய்த வேலையை இன்று எழுதப்பட்ட விதியும் அதனைப் படிக்கும் கருவியும் சேர்ந்து செய்கின்றன.

இவ்வளவு சிறந்த மொழி உலகெங்கும் கோலோச்சியிருக்கும் என்று நீங்கள் எண்ணலாம். வரலாறு அவ்வாறு செல்லவில்லை. றியல்நெற்வேக்ஸ் நிறுவனம் தன் ஒலிஒளிக் கருவியிலே இம்மொழியைத் தொடக்கத்திலேயே ஏற்றது. மைக்ரோசொவ்ற் நிறுவனமோ வேறு இரு நிறுவனங்களோடு சேர்ந்து, வலைப்பக்க மொழிக்குள்ளேயே காலத்தைப் புகுத்தும் மாற்றுத் திட்டமொன்றை 1998 ஆம் ஆண்டிலேயே முன்வைத்தது. தன் உலாவியிலும் அதனைச் சேர்த்தது. இரண்டு வழக்குகளையும் இணைக்க இரண்டாம் பதிப்பு முயன்றது. ஆயினும், எல்லா உலாவிகளும் ஒருமனப்பட்டு இதனை ஏற்கும் நாள் வரவேயில்லை. இணைப்புகளின் வேகமும் பன்மடங்கு பெருகிற்று. ஒளிப்படச் சுருளை அப்படியே அனுப்புதல் எளிதாயிற்று. 2014 ஆம் ஆண்டில் பரிந்துரையான எச்.ரி.எம்.எல். ஐந்தாம் பதிப்பு, ஒலியையும் ஒளிப்படத்தையும் நேரே பக்கத்தில் வைக்க வழிசெய்தது. எஞ்சியதை நிரலாளர் தம் நிரல்களால் முடித்துக்கொண்டனர். வரைபடங்களை அசையச்செய்யும் மொழியிலும், கைத்தொலைபேசிகளின் படச் செய்திகளிலும் ஸ்மைலின் கூறுகள் புகுந்தன. எனினும், அதன் பெயர் பொதுமக்கள் நாவில் வழங்கவில்லை.

ஆனால், கண்ணொளி இல்லாதார் படிக்கும் நூல்களிலே இம்மொழி நிலைபெற்ற வேரூன்றியது. அதனை விரித்துரைத்தல் என் கடன் என்று கருதுகின்றேன்.

பார்வையற்றோர்க்கு நூலைக் குரலிற் பதிந்து கொடுக்கும் வழக்கம் 1930களிலே தொடங்கியது. பிரித்தானியாவில் 1935 ஆம் ஆண்டில் அத்தொண்டு ஆரம்பமானது. ஒரு நாவலை முற்றும் பதிவுசெய்யப் பத்து இசைத்தட்டுகள் வேண்டியிருந்தன. பின்னர் ஒலிநாடாப் பேழைகள் வந்தன. அவை இலகுவாயின, மலிவாயின. கதைநூலைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்பார்க்கு அவை போதுமானவை. பாடநூல் படிக்கும் மாணவனின் நிலையோ வேறு. வகுப்பிலே ஆசிரியர், "நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறவுங்கள்" என்கின்றார். கண்ணுள்ள மாணவர் மூன்று செக்கனிலே திறந்துவிடுவர். பார்வையற்ற மாணவன் எந்தப் பேழையை எடுப்பான்? எவ்வளவு தூரம் சுற்றுவான்? ஓட்டி நிறுத்திக் கேட்டு, மீண்டும் ஓட்டி நிறுத்திக் கேட்டு, இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பாடம் முடிந்துவிடும். அகராதியை அவ்வாறு புரட்டுதல் நினைத்தற்கும் அரிது. நூலைக் கேட்கும் உரிமை அவனுக்குக் கிடைத்தது; நூலைத் திறக்கும் உரிமை கிடைக்கவில்லை.

இக்குறையை நீக்க சுவீடன் நாட்டின் பேசும் நூல் நூலகம் முயற்சியெடுத்தது. 1996 ஆம் ஆண்டில் பல நாட்டு நூலகங்கள் கூடி 'டெய்சி' என்னும் கூட்டமைப்பை அமைத்தன. அவர்கள் வகுத்த பேசும் நூலின் முதுகெலும்பாக ஸ்மைல் மொழி அமைந்தது. நூலின் எழுத்து ஒரு கோப்பில் இருக்கும். வாசிப்பவரின் குரல் மற்றொரு கோப்பில் இருக்கும். இந்தத் தலைப்புக்குரிய குரல் இத்தனையாவது செக்கனில் தொடங்கி இத்தனையாவது செக்கனில் முடிகின்றது, இந்த வாக்கியத்துக்குரியது அடுத்த செக்கன்களில் உள்ளது என்று ஒவ்வொரு சிறு பகுதியையும் ஒரு பாருக்குள் இணைத்து, அப்பார்களை ஒரு சீக்குக்குள் கோத்துவிடுவர். நூலில் மணியும் நூலும் போல எழுத்தும் குரலும் கோக்கப்படுகின்றன.

விளைவு யாது? அதிகாரம் அதிகாரமாகத் தாவலாம். பந்தி பந்தியாக நகரலாம். பக்க எண்ணைச் சொல்லி நேரே அப்பக்கத்துக்குச் செல்லலாம். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் இப்பொழுது அவனுக்கும் மூன்று செக்கன் தொலைவிலேயே உள்ளது. பக்க எண்ணையும் அடிக்குறிப்பையும் ஒவ்வொரு முறையும் கேட்க விரும்பாதவன் அவற்றை விலக்கிவிட்டு உரையை மட்டும் கேட்கலாம். ஐயம் எழும்போது மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். வாசிப்பின் வேகத்தைக் கூட்டினும் குறைப்பினும் எழுத்துக்கும் குரலுக்கும் உள்ள பிணைப்புக் குலைவதில்லை; உறவே எழுதப்பட்டிருக்கின்றமையால். குறுகிய பார்வையுடையார் திரையிலே ஒளிரும் சொற்களைத் தொடர்ந்து பார்த்தபடி கேட்கலாம். எழுத்துக்கூட்டி வாசிக்க இடர்ப்படும் சிறுவருக்கும் அது பெருந்துணை. அமுக்கிப் பதிந்த குரலாயின் ஒரே குறுந்தட்டில் நாற்பது மணிநேரத்துக்குரிய வாசிப்பு அடங்கும். பத்து இசைத்தட்டில் ஒரு நாவல் அடங்கிய காலத்தை இதனோடு ஒப்புநோக்குக.

இந்நெறி டெய்சியோடு நின்றுவிடவில்லை. மின்னூல்களுக்குரிய 'ஈபப்' என்னும் பொதுவிதியின் மூன்றாம் பதிப்பு 2011 ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, எழுத்தோடு குரலை இசைக்கும் பகுதிக்கு ஸ்மைல் மொழியின் ஒரு சிறு கூறையே எடுத்தாண்டது. 2023 ஆம் ஆண்டில் வலைக் கூட்டமைப்பு அவ்விதியைப் புதுக்கித் தன் பரிந்துரையாக வெளியிட்டபோதும் அப்பகுதி நிலைத்திருந்தது. ஸ்மைல் மொழியை வளர்த்த பணிக்குழு கலைந்தது. அம்மொழியின் சீக்கும் பாரும் மின்னூல்களுக்குள்ளே ஓசையின்றித் தொழில் செய்கின்றன.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. கண்ணும் காதும் கையும் குறைவற இயங்குவார்க்கு இறுகிய நாடாவே போதுமானதாயிற்று. ஆதலின் அவர்கள் இம்மொழியை வேண்டி நிற்கவில்லை. யாருக்கு நூலின் ஒவ்வொரு பகுதியும் பிரிந்தும் கூடியும் நிற்றல் இன்றியமையாததோ, அவர்கள் அதனைக் கைவிடவில்லை. ஒரு கருவியின் பெருமையை அதனைப் பயன்படுத்துவோரின் தொகையால் அளப்பது பொதுவழக்கு. அதனை இழந்தால் யார் எதனை இழப்பர் என்று வினவி அளப்பது மற்றொரு வழக்கு. அவ்வளவுகோலால் நோக்கின், ஸ்மைல் தோற்ற மொழியன்று.

நம் நாட்டிலும் தமிழ்ப் பாடநூல்கள் கணினியிலே அச்சுக்கோக்கப்படுகின்றன. அவற்றின் எழுத்து ஏற்கெனவே கோப்பாக இருக்கின்றது. தெளிந்த உச்சரிப்புடைய ஒருவர் அமர்ந்து வாசித்தால் குரலும் கோப்பாகிவிடும். இரண்டையும் பொருத்துதற்குரிய இலக்கணம் எவர்க்கும் விலையின்றித் திறந்து கிடக்கின்றது. எஞ்சியிருப்பது பொறுமையோடு கோக்கும் வேலை. அவ்வேலையை மேற்கொள்பவர் ஒவ்வொருவரும், பார்வையற்ற மாணவன் ஒருவன் வகுப்பிலே மற்றையோருடன் ஒரே கணத்தில் ஒரே பக்கத்தைத் திறக்கச் செய்கின்றார். காலத்தை எழுதிவைக்கக் கற்றதன் பயன் அதுவே.